படித்துக்கொண்டே லேப் அப்ரண்டிஸ்: பாலக்காட்டு எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், வாளையார் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. சேர்கிற பிள்ளைகள் கல்லூரி திறந்த இரண்டாவது மாதமே கேட்டு வந்துவிடுவார்கள்: "அக்கா, படிச்சிட்டே ஏதாச்சும் லேப்ல சேர முடியுமா?"

முடியும். நானும் அப்படித்தான் படித்தேன். ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்ட், அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லூரி. இப்போது லேபில் கெமிஸ்ட்டாக இருக்கிறேன். புதிதாக வரும் அப்ரண்டிஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி. அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட சில விஷயங்களால் நான் இழந்தது உண்டு. நீங்கள் அதை இழக்க வேண்டாம் என்றுதான் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எந்த வழியில் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

"லேபில் பழகுவது" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வகை உண்டு. நான்குக்கும் சட்டம் வேறு, பணம் வேறு, கடைசியில் கைக்கு வரும் சான்றிதழும் வேறு.

ஒன்று, அப்ரண்டிஸ்ஷிப் சேர்ந்த டிகிரி. பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் இதற்கு வழிமுறை வகுத்தது, 2025-இல் புதுப்பித்தது. இதில் குறைந்தது ஒரு செமஸ்டராவது நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள். அந்த நாட்கள் கிரெடிட்டாக உங்கள் மார்க் ஷீட்டில் ஏறும். படிப்பும் பழகலும் ஒரே கணக்கில் வருவதால், உங்கள் கல்லூரியில் இது இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

இரண்டு, இன்டர்ன்ஷிப். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையில் நான்கு வருட டிகிரி தொடங்கியதிலிருந்து இதுவும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. சில வாரங்களில் முடிந்துவிடும். லேப் எப்படி இருக்கும் என்று பார்க்க நல்லது. ஆனால் பார்ப்பது வேறு, கை பழகுவது வேறு.

மூன்று, முழுநேரமாக லேபில் இருந்துகொண்டு தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. படிப்பது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இதற்கு இடமுண்டு. தியரியை வீட்டில் படிக்கலாம், ஆனால் செய்முறைப் பாடங்களுக்குக் கல்வி மையத்துக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அந்த நாட்களுக்கு லீவு தருவார்களா என்று வேலையில் சேரும்போதே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

நான்கு, டிகிரி முடித்தபின் ஒரு வருடம் பட்டதாரி அப்ரண்டிஸ். வீட்டில் பணக்கஷ்டம் இல்லாதவர்களுக்கு இதுவும் நல்ல வழிதான். கொச்சியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், உர ஆலை போன்ற பெரிய இடங்களுக்குள் நுழைய முக்கியமான வாசலும் இதுவே. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் படித்தவர்களுக்கு அங்கே 'லேபரட்டரி அசிஸ்டன்ட், கெமிக்கல் பிளான்ட்' என்றே ஒரு டிரேட், அதாவது பயிற்சிப் பிரிவு, உண்டு.

எந்த லேப்?

நம் பக்கத்தில் நினைப்பதைவிட அதிகமாகவே லேப்கள் உண்டு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள், மதுபான ஆலைகள், உணவுப்பொருள் கம்பெனிகள். வாளையாரில் சிமென்ட். சித்தூர் வட்டாரம் முழுக்கப் பால். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால்வள மேம்பாட்டுத் துறையின் பரிசோதனைக் கூடமே இருக்கிறது. ஓணம் வந்தால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் டேங்கர்கள் அங்கே வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என் அபிப்பிராயம்: முதல் லேப் பாலாகவோ தண்ணீராகவோ இருக்கட்டும். பெரிய கருவி இல்லாமலே கை பழகும் இடம் அது. காலையில் நான்கு டேங்கர் வந்தால் மத்தியானத்துக்குள் முப்பது டைட்ரேஷன் (தரம்பார்த்தல்) பண்ணியிருப்பீர்கள். கல்லூரியில் ஒரு வருடம் முழுக்கப் பண்ணினாலும் அந்த எண்ணிக்கை வராது. சிமென்ட் லேபில் பொறுமை பழகும். கட்டி வார்த்து 3, 7, 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்கும் வேலை அது. உருக்காலையில் பெரும்பாலும் கருவிதான் பதில் சொல்லும். அதையெல்லாம் இரண்டாவதாகக் கற்றுக்கொள்ளலாம்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் அவர்கள் விருப்பம். இது தெரிந்து போனால், "எங்க லேப்ல அப்ரண்டிஸே எடுக்கறதில்ல" என்று வாசலிலேயே சொல்லும்போது நீங்கள் பணிவாக இன்னொரு கேள்வி கேட்கலாம்.

காகிதம்

நான் இழந்தது இங்கேதான். எனக்குக் கம்பெனி லெட்டர்பேடில் 'பயிற்சியாளர்' என்று நாலு வரிக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அதையே பெரிதாக நினைத்து வீட்டுச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன். பதினான்கு மாதம் உழைத்தபின், வேறொரு இடத்தில் விண்ணப்பித்தபோது அப்ரண்டிஸ் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. ஒப்பந்தம் எங்கும் பதிவாகவே இல்லை. அந்தப் பதினான்கு மாதமும் காகிதத்தில் இல்லாமலே போயிற்று.

அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தின் போர்ட்டலில் முதலில் மாணவராகப் பதிவு செய்யுங்கள். பதிவு எண் வரும். நம் தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. டிகிரி படிப்போடு சேர்ந்த அப்ரண்டிஸ்ஷிப் என்றால் கல்லூரியும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். துறைத் தலைவரிடமோ பிளேஸ்மென்ட் பொறுப்பு பார்க்கும் ஆசிரியரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயரைக் கவனியுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'கார்த்திகா எம்.' என்று இருக்கும். ஆதாரில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். பாங்கில் மூன்றாவதாக ஒரு மாதிரி. உதவித்தொகையில் அரசின் பங்கு ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பெயர் இடித்தால் பணம் நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன்பே அரசு மின்சேவை தரும் அக்ஷயா மையத்துக்கும் பாங்குக்கும் ஒரு நடை போய் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். கம்பெனி அதைப் போர்ட்டல் வழியாக அனுப்பும், நீங்கள் படித்து ஏற்க வேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, டிரேட் பெயர், மாத உதவித்தொகை, வேலை நேரம் ஆகிய ஐந்தும் சரியா என்று பாருங்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தத்தின் பிரிண்ட் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி நீங்கள் அங்கே தொழிலாளி அல்ல, பழகுநர். அதனால் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஆலையின் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் கம்பெனிக்கு உண்டு. "நீ ஸ்டாஃப் இல்லையே" என்று யாராவது கையுறை கொடுக்க மறுத்தால் அது தவறு, கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2019 விதிகள் டிகிரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தன. மேலே சொன்ன திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2025 மே மாதம் கூடிய மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் தொகையை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. ஆகவே கையெழுத்திடும் அன்று போர்ட்டலில் என்ன எண் இருக்கிறதோ அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் மாதப் பணம் தாமதமாகத்தான் வரும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

முதல் வாரம்: பேச்சு புரியட்டும்

பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு 'தரம்பார்த்தல்', 'நிறங்காட்டி', 'கரைசல்' என்று தெரியும். கல்லூரியில் அதையே ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். லேபில் உங்கள் சேச்சியும் சேட்டனும், அதாவது மூத்த அக்கா அண்ணன்கள், மலையாளத்தில் சொல்வார்கள். வீட்டில் மலையாளம் சரளமாகப் பேசுகிறவர்களும் அவசரத்தில் தடுமாறும் சொற்கள் சில உண்டு.

'தூக்கம் நோக்கு' என்றால் எடை பார் என்று அர்த்தம். 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். 'லாயனி' என்றால் கரைசல். 'பால் பிரிஞ்ஞு' என்றால் பால் திரிந்துவிட்டது. டேங்கரை இறக்கக் கூடாது என்று பொருள், உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய சேதி. 'நாளெ அவதி' என்றால் நாளைக்கு லீவு. எங்கள் அப்ரண்டிஸ் பையன் ஒருவன் அதைக் கேட்டு, நாளைக்கு ஏதோ பெரிய கஷ்டம் வரப்போகிறது என்று பயந்து என்னிடம் வந்து விசாரித்தான்.

ஒரு சொல் புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "சேச்சி, ஒண்ணுகூடி பறையாமோ?" (இன்னொரு தரம் சொல்வீர்களா?) என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு அமிலத்தைக் கையில் எடுப்பதுதான் ஆபத்து.

கை பழகுவது

பால் லேபை வைத்தே சொல்கிறேன், எனக்கு அதுதான் நன்றாகத் தெரியும்.

கெர்பர் முறையில் பாலின் கொழுப்புப் பார்க்க, கண்ணாடிக் குழாயில் முதலில் 10 மி.லி. கந்தக அமிலம். அதன்மேல் 10.75 மி.லி. பாலைச் சுவரோரமாக மெதுவாக விட வேண்டும், இரண்டும் உடனே கலக்கக் கூடாது. பிறகு 1 மி.லி. அமைல் ஆல்கஹால். மூடி போட்டு, துணியில் சுற்றிப் பிடித்துக் குலுக்க வேண்டும். குழாய் நன்றாகச் சுடும். மூடி சரியாக இறுகாவிட்டால் அமிலம் பீறிட்டு வரும், எனவே குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, உங்கள் முகத்தையும்தான். சென்ட்ரிபியூஜில் சுற்றி, 65 டிகிரி நீரில் வைத்து, மேலே நிற்கும் கொழுப்புப் பத்தியைப் படிக்க வேண்டும்.

வாயால் பிப்பெட்டை உறிஞ்சாதீர்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னமும் பண்ணுவார்கள். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். உடம்பில் பட்டுவிட்டால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்கழுவியும் முதலுதவிப் பெட்டியும் எங்கே இருக்கின்றன என்பதை முதல் நாளே தேடிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகத் தெரிய வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் கண் திறக்காது.

துப்பட்டா, தொங்கும் கம்மல், விரித்த கூந்தல் வேண்டாம். மல்லிகைப்பூவும் மாலையில் வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ.

புதியவர்கள் அலுத்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு: கண்ணாடிச் சாமான் கழுவுவது. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் அதைத்தான் தருவார்கள். வருத்தப்படாதீர்கள். ப்யூரெட்டின் உள்சுவரில் துளிகள் ஒட்டி நின்றால் அது அழுக்கு, நீர் படலமாக வழிந்தால் சுத்தம் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது அந்த இரண்டு வாரத்தில்தான். நிற்கும் ஒவ்வொரு துளியும் உங்கள் ரீடிங்கில் பிழையாக வரும்.

எழுதுவது

லேப் நோட்டுக்கு விதிகள் கொஞ்சம்தான். பேனாவில் எழுத வேண்டும், பென்சில் கூடாது. தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்; அடித்த எண் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை தொடவே கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. பார்த்த உடனே, பார்த்த இடத்திலேயே எழுத வேண்டும்.

கடைசி விதியை நான் ஒரு நாள் மீறினேன். ஒரு டேங்கரில் முன், நடு, பின் என மூன்று அறைகள். மூன்றுக்கும் கொழுப்புப் பார்த்துவிட்டு, கல்லூரி பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று உள்ளங்கையில் மூன்று எண்களைக் குறித்துக்கொண்டேன். நோட்டில் ஏற்றும்போது நடுவும் பின்னும் மாறிப்போயின. பின் அறைப் பால் தண்ணீர் கலந்தது. என் கணக்கில் அது நல்ல பாலாகி, நல்லது கெட்டதாகி நின்றது. எடுத்து வைத்திருந்த சாம்பிளில் சேச்சி மறுபடி பார்த்ததால் தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் நல்ல பால் ஊற்றிய சங்கத்துக்குக் காசு குறைந்திருக்கும். அங்கே ஊற்றுகிறவர்கள் இரண்டு மாடு வைத்திருக்கும் நம் வீட்டு ஆட்கள்தான். அன்று பஸ்ஸை விட்டேன், கிளாஸும் போயிற்று. அதற்குப் பிறகு உள்ளங்கையில் எதையும் எழுதியதில்லை.

'வரவேண்டிய' எண்ணை எழுதும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ரெக்கார்ட் நோட்டில் பக்கத்து மேஜை ரீடிங்கைப் பார்த்துச் சரிக்கட்டுவது நம்மில் பலர் செய்ததுதான். இங்கே ஒரே சாம்பிளை இரண்டு தரம் பார்த்து இரண்டு எண் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், மூன்றாவது தரம் பாருங்கள், மூத்தவர்களைக் கூப்பிடுங்கள். ஒத்துவராத எண்தான் பல நேரம் கலப்படத்தையோ கெட்டுப்போன ரீஏஜென்டையோ காட்டிக்கொடுக்கும்.

தனியாகச் சொந்த நோட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ரகசியத்தை அதில் எழுத வேண்டாம். எந்தச் சோதனையை எத்தனை தரம் செய்தேன், எங்கே தடுமாறினேன், யார் திருத்தினார்கள் என்று மட்டும். வேலைக்கான இன்டர்வியூவில் "என்னென்ன தெரியும்?" என்று கேட்கும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

பாடத்தை லேபில் படிப்பது

இரண்டையும் தனித்தனியாகச் சுமந்தால் மூன்றாவது மாதமே களைத்துவிடுவீர்கள். ஒன்றுக்குள் ஒன்றைப் போடப் பாருங்கள்.

10 மி.லி. பாலுக்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 1.5 மி.லி. செலவானால் அமிலத்தன்மை 0.135 சதவீதம். இந்தக் கணக்கைத் தினம் பத்துத் தரம் போடுகிறவர் நார்மாலிட்டி பாடத்தைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.0 என்றால், 28-ஐ நான்கால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கும் 0.44-உம் கூட்டினால் கொழுப்பில்லாத திடப்பொருள் 8.44. பசும்பாலுக்குச் சட்டம் கேட்பது 8.3, ஆகவே இந்தப் பால் தேறும். அடர்த்தி பாடம் அங்கே கண்முன் நிற்கிறது. பாலில் விட்ட மெத்திலின் நீலச் சாயம் ஏன் வெளுக்கிறது என்று யோசித்தால் நுண்ணுயிரியலும் ஆக்சிஜனேற்ற ஒடுக்கமும் ஒரே குழாயில் இருக்கின்றன. சோதனை முடிந்து காத்திருக்கும் நேரத்தில், அந்தச் சோதனை பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிக் குறித்துவிடுங்கள்.

வருகைப்பதிவில் கவனம் வேண்டும். சாதாரணமாகக் கல்லூரியில் 75 சதவீதம் கேட்பார்கள். செமஸ்டர் அட்டவணை வந்த அன்றே அதன் நகலை லேப் பொறுப்பாளரிடம் கொடுத்து, தேர்வு நாட்களுக்கான லீவை எழுத்தில் வாங்குங்கள். ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம் பால் லேபில் யாருக்கும் லீவு கிடைக்காது. கல்லூரியில் இன்டர்னல் தேர்வு அப்போது விழுந்தால் ஒரு மாதம் முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். நான் பேசிய ஒவ்வொரு முறையும் ஆசிரியர்கள் வழி செய்து கொடுத்தார்கள். பேசாமல் மட்டம் போட்ட ஒரு முறைதான் சிக்கலானது.

தூக்கத்தை, நான் சொல்வது தமிழ்த் தூக்கத்தை, வெட்டாதீர்கள். ஆறு மணி பஸ்ஸுக்கு எழுகிறவர் பதினொரு மணிவரை படித்தால் மறுநாள் அமிலக் குப்பியைத் தூக்கும் கை நடுங்கும். நான் படித்தது பஸ்ஸில்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து உட்கார இடம் கிடைத்துவிடும்.

முடியும் முன்

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே இதையெல்லாம் கேட்க ஆரம்பியுங்கள், கடைசி வாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருப்பார். மாத வருகை முழுக்கப் போர்ட்டலில் ஏறியிருக்கிறதா, உதவித்தொகை எந்த மாதமாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வாரியத்தின் தேர்ச்சிச் சான்றிதழுக்குக் கம்பெனி செய்ய வேண்டிய பதிவைச் செய்துவிட்டதா என்று கேளுங்கள். டிகிரியோடு சேர்ந்ததென்றால் கல்லூரிக்குப் போக வேண்டிய மதிப்பீட்டுப் படிவத்தையும் நினைவூட்டுங்கள். கூடவே, நீங்கள் தனியாகச் செய்யக்கூடிய சோதனைகளின் பட்டியலை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். பெயர், தேதிகள், சோதனைகள், அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். லேப் பொறுப்பாளரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி, நான்கு நகல் எடுத்து, அசலை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு வையுங்கள்.